நித்திரை வராத அம்மாவுக்கு அக்குபஞ்சர்: போகலாமா?

கொக்குவில் மல்லிகை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 66 வயது. அப்பா காலமான பிறகு நித்திரை குழம்பிப் போய்விட்டது. இரவு 9 மணிக்கே படுக்கப் போவார். 11 மணி தாண்டித்தான் கண் அயரும். 2 மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு விடியும்வரை புரண்டுகொண்டிருப்பார். பிறஷர் குளிசை நெடுங்காலமாக எடுக்கிறார். ஒரு வருடத்துக்கு மேலாக இரவில் குளோனாசெபாம் என்ற நித்திரைக் குளிசையும் எடுக்கிறார், இப்போது அதுவும் பெரிதாகக் கேட்பதில்லை.

யாழ்ப்பாண நகரத்தில் ஓரிடத்தில் அக்குபஞ்சரும் சீன மூலிகைக் குளிசையும் சேர்த்துத் தருகிறார்கள். அயலில் ஒருவர் போய்ச் சுகம் கண்டிருக்கிறார், அம்மாவுக்கும் போக ஆசை. போனில் விசாரித்தபோது "ஆஸ்பத்திரிக் குளிசையை நிற்பாட்டிவிட்டுக் கூட்டிவாருங்கள்" என்றார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் மனம் தயங்குகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நல்லூர்வாசி எழுதியது:

கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா. எனக்கு வேலை நெருக்கடியில் நித்திரை கெட்டு, பகலில் கணக்குப் பார்க்கும்போது இலக்கங்களே மங்கும் நிலை வந்தது. அக்குபஞ்சரில் உச்சந்தலை, இரண்டு புருவங்களுக்கு நடு, மணிக்கட்டு, கணுக்காலுக்கு மேலே என்று மெல்லிய ஊசிகள் வைத்தார்கள். நோகாது, வைத்த இடத்தில் ஒரு பாரமான இழுவை மட்டும் தெரியும். தொடக்கத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. சில கிழமைகள் போனபின் படுத்தவுடன் உடம்பு தளரத் தொடங்கியது. அப்புறம் இரவு விழிப்பும் குறைந்தது. அங்கே என்னிடம் ஆறுதலாக இருந்து கேள்வி கேட்டார்கள், அதுவே பாதி மருந்து என்று நினைக்கிறேன். பின்னேரத் தேத்தண்ணியையும் விடச் சொன்னார்கள், விட்டேன்.

சுன்னாகம் பாமசி எழுதியது:

மல்லிகை, மற்ற எல்லாவற்றுக்கும் முதல் இது: குளோனாசெபாமை ஒரேயடியாக நிற்பாட்ட வேண்டாம். அந்த வகைக் குளிசையை மாதக்கணக்கில் எடுத்தவர் திடீரென்று விட்டால் நித்திரை முன்பைவிட மோசமாகும். படபடப்பு, நடுக்கம் வரும். சிலருக்கு வலிப்புகூட வந்திருக்கிறது. எழுதிக்கொடுத்த டொக்டரே அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும். அதற்குப் பல கிழமைகள் பிடிக்கும், சிலவேளை மாதங்களும் பிடிக்கும். 65 தாண்டியவர்களுக்கு அந்தக் குளிசை நீண்டநாளைக்கு நல்லதல்ல என்பதும் உண்மை. இரவில் சலத்துக்கு எழும்பும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் என் கடைக்கு மருந்துத் துண்டோடு வருகிறார்கள். விடவேண்டும் என்ற எண்ணம் சரி, நாளையே விடு என்பதுதான் ஆபத்து.

அடுத்தது, ஊசியையும் மூலிகைக் குளிசையையும் ஒரே விஷயமாகப் பார்க்காதீர்கள். ஊசி அரைமணி நேரம் உடம்பில் நின்றுவிட்டு வெளியே வந்துவிடும். குளிசை ஈரலையும் சிறுநீரகத்தையும் கடந்துதான் போகும். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் மெலிய வைக்கும் சிகிச்சை நிலையமொன்றில் சீன மூலிகை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 100 பேர். ஒரு மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த இன்னொன்று கலந்திருந்தது, அதில் இருந்தது அரிஸ்டோலோகிக் அமிலம். அந்த நஞ்சு சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயையும் தரும். கோபம், தலைச்சூடு, நித்திரையின்மை என்று வருபவர்களுக்குச் சீனத்தில் கொடுத்துவந்த லோங் தான் ஷியே கான் என்ற குளிசையிலும் இதே குடும்பத்துச் செடி ஒன்று கலந்துவந்தது. அந்தச் செடியை 2003இல் சீனாவே தடைசெய்தது. பழைய இருப்பும் போலியும் எங்கே சுற்றுகின்றன என்று யாரால் சொல்லமுடியும்? போத்தலில் என்ன இருக்கிறது என்று விளங்கும் மொழியில் எழுதித் தராத எதையும் அம்மாவுக்குக் கொடுக்காதீர்கள்.

இனி உங்களிடம் கேள்விகள். அம்மா குறட்டை விடுவாரா? இரவில் எத்தனை தரம் சலத்துக்கு எழும்புகிறார்? பிறஷர் குளிசையின் பெயர் என்ன, எத்தனை மணிக்கு எடுக்கிறார்?

கொக்குவில் மல்லிகை எழுதியது:

குறட்டை பெரிதாக இல்லை. சலத்துக்கு 2, 3 தரம் எழும்புவார். பிறஷருக்கு லொசாட்டன், அதோடு ஹைட்ரோகுளோரோதயசைட். இரண்டையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றாக எடுக்கிறார், மறக்காமல் இருக்க அதுதான் வசதி என்று.

சுன்னாகம் பாமசி எழுதியது:

இரண்டாவது குளிசை சலத்தைக் கூட்டுவது. அதை இரவில் எடுத்தால் நித்திரையின் நடுவில் எழுப்பத்தான் செய்யும். காலையில் எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள், பெரும்பாலும் ஓம் என்பார்கள். சீனி, தைரொயிட் பரிசோதனைகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சீன மருந்துகள் பலவற்றில் அதிமதுரம் சேரும். அது பிறஷரைக் கூட்டும், உடம்பில் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஹைட்ரோகுளோரோதயசைட்டும் பொட்டாசியத்தைக் குறைப்பதுதான். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே குழம்பலாம். அம்மாவுக்கு இது பொதுப் புத்திமதி அல்ல, நேரே பொருந்தும் விஷயம்.

வெண்தாமரை, ஸ்காபரோ எழுதியது:

நான் கரவெட்டிப் பிள்ளை. இங்கே கனடாவின் ஒன்றாரியோவில் சீன மருத்துவமும் அக்குபஞ்சரும் படித்துப் பதிவு பெற்றுச் செய்கிறேன். 2013 முதல் இங்கே பதிவில்லாதவர் தன்னை அக்குபஞ்சர் நிபுணர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பாமசிக்காரர் சொன்ன எல்லாவற்றுக்கும் நான் உடன்பாடு. எந்த ஒழுங்கான சிகிச்சையாளரும் "ஆஸ்பத்திரிக் குளிசையை விட்டுவிட்டு வா" என்று சொல்லமாட்டார். அப்படிச் சொன்ன இடத்துக்கு அம்மாவை அனுப்பவேண்டாம்.

ஆனால் இந்த மருத்துவம் நித்திரையை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. பழைய சீன நூலான ஹுவாங்தி நெய்ஜிங்கின்படி, உடலைக் காக்கும் சி என்ற உயிராற்றல் பகலில் வெளிப்புறமாகிய யாங்கில் ஓடும், இரவில் உள்ளே யின்னுக்குள் இறங்கும். அது இறங்க வழியில்லாவிட்டால் கண் மூடாது. ஆகவே எங்களுக்கு நித்திரையின்மை என்று ஒரே வருத்தம் கிடையாது. ஏன் இறங்கவில்லை என்பதுதான் கேள்வி. யோசித்து யோசித்து, பசியும் குறைந்து, களைத்து, இலகுவில் விழிக்கிறவருக்கு இதயமும் மண்ணீரலும் தளர்ந்தன என்போம். உள்ளங்கை, உள்ளங்கால் எரிந்து, இரவில் வியர்த்து, நாக்கு சிவந்து இருப்பவருக்கு இதயமும் சிறுநீரகமும் ஒன்றோடொன்று சேரவில்லை என்போம். கோபம் அடங்காமல் படுக்கிறவருக்கு ஈரல் நெருப்பு. இரவில் பிந்தி வயிறு நிறையச் சாப்பிட்டுப் புரள்பவருக்கு இரைப்பை. இங்கே இதயம், ஈரல் என்பவை ஸ்கானில் தெரியும் உறுப்புகள் அல்ல, உடம்பின் தொழிற்பாடுகளுக்கு வைத்த பெயர்கள். "உங்கள் ஈரல் கெட்டுவிட்டது" என்று யாராவது சொன்னால் அம்மா பயந்துவிடுவார், அதனால்தான் சொல்கிறேன்.

நித்திரைக்கு வழமையாகத் தொடும் இடங்களில் முதன்மையானது ஷென்மென். உள் மணிக்கட்டு மடிப்பில் சுண்டுவிரல் பக்கம் இருக்கும் சிறு பள்ளம். அடுத்தது சான்யின்ஜியாவ், உள் கணுக்கால் எலும்பின் உச்சியிலிருந்து 4 விரல் அகலம் மேலே, எலும்பின் பின்னோரம். புருவ நடுவில் யின்தாங். உச்சந்தலையில் பாய்ஹுய். காதுக்குப் பின்னால் ஆன்மியன். கிழமைக்கு ஒன்று அல்லது இரண்டு தரம், ஒவ்வொரு தரமும் ஊசி 20 முதல் 30 நிமிடம் நிற்கும். 6 முதல் 10 தரத்துக்குள் மாற்றம் தெரியாவிட்டால் தொடர்ந்து பணம் கட்டச் சொல்வது நியாயமல்ல.

பாமசிக்காரர் கேட்காத கேள்வி ஒன்று: அப்பா காலமாகி எவ்வளவு காலம்? அம்மா பகலில் யாருடன் கதைக்கிறார்?

கொக்குவில் மல்லிகை எழுதியது:

இரண்டு வருடம் ஆகப்போகிறது. நான் வேலைக்குப் போய்விடுவேன், பகல் முழுவதும் தனியேதான். பகலில் சாய்மனைக் கதிரையில் கண் அயர்வார் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னார்.

விஞ்ஞான மாஸ்டர் எழுதியது:

பகல் நித்திரை, இரவு 9 மணிக்கே படுக்கை, தனிமை. பிள்ளை, பாதிக் காரணம் இங்கேயே கிடக்கிறது.

அக்குபஞ்சருக்கு ஆதாரம் எவ்வளவு என்று பார்ப்போம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட மீளாய்வு, 2293 பேர் பங்குபற்றிய 33 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பலன் இருப்பதுபோல் தெரிந்தாலும் ஆய்வுகளின் தரம் குறைவு, ஆகவே உண்டு என்றும் இல்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அதன் முடிவு. 2019இல் அமெரிக்காவில் புற்றுநோயிலிருந்து மீண்ட 160 பேரிடம் இன்னும் ஒழுங்கான ஆய்வொன்று நடந்தது. ஒரு பகுதியினருக்கு அக்குபஞ்சர், மற்றப் பகுதியினருக்கு நித்திரைக்கான அறிவுசார் நடத்தைச் சிகிச்சை, அதாவது நித்திரை பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் முறை. நித்திரையின்மையை 28 புள்ளி அளவுகோலில் அளந்தார்கள். 8 கிழமைகளில் அக்குபஞ்சர்காரர்களுக்கு 8.3 புள்ளி இறங்கியது, நடத்தைச் சிகிச்சைக்காரர்களுக்கு 10.9. இரண்டும் உதவின, இரண்டாவது கூடுதலாக உதவியது. அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி 2016இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் நாட்பட்ட நித்திரையின்மைக்குக் குளிசைக்கும் முதலில் வைத்தது அந்த நடத்தைச் சிகிச்சையைத்தான்.

நம்மூரில் அதைச் செய்பவரைத் தேடுவது கடினம், ஆனால் அதன் முதுகெலும்பை வீட்டிலேயே தொடங்கலாம். கண் சொருகும்போது மட்டும் படுக்கைக்குப் போவது. படுத்து 20 நிமிடம்போல் ஆகியும் நித்திரை வராவிட்டால் எழும்பி, மங்கிய வெளிச்சத்தில் சும்மா இருந்து, மறுபடி கண் சொருகினால்தான் படுப்பது. இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்புவது. பகலில் படுக்காமல் இருப்பது. உங்கள் அம்மா உண்மையில் நித்திரை கொள்வது 3, 4 மணித்தியாலம், படுக்கையில் கிடப்பது 9 மணித்தியாலத்துக்கு மேல். மூளை படுக்கையை விழித்திருக்கும் இடமாகப் பழகிவிட்டது. படுக்கை நேரத்தைச் சுருக்கி, நித்திரை இறுகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டவேண்டும். 5 மணித்தியாலத்துக்குக் கீழே சுருக்கக்கூடாது. வலிப்பு வருத்தம் உள்ளவர்களும் மனநிலை மிகையாக ஏறி இறங்குபவர்களும் டொக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. முதற் கிழமை களைப்பாக இருக்கும், எழும்பும்போது யாராவது கைபிடிக்கப் பக்கத்தில் இருங்கள்.

நல்லூர்வாசி எழுதியது:

மாஸ்டர், ஆய்வு எப்படி இருந்தாலும் எனக்குச் சுகம் வந்தது. அதை இல்லை என்று சொல்வீர்களா?

விஞ்ஞான மாஸ்டர் எழுதியது:

இல்லை என்று சொல்லமாட்டேன் தம்பி, நீங்கள் சுகமாக நித்திரை கொள்வது எனக்கும் சந்தோஷம். எது சுகம் தந்தது என்பதுதான் கேள்வி. ஊசியா, ஆறுதலாக இருந்து கேட்டதா, பின்னேரத் தேத்தண்ணியை விட்டதா, நாள் போகத் தானாக இறங்கியதா? இதைப் பிரிக்கத்தான் ஆய்வுகளில் தோலைத் துளைக்காமல் உள்ளே மடங்கும் போலி ஊசியை வைக்கிறார்கள். 2017இல் ஷாங்காயில் 72 பேருக்கு நடந்த ஆய்வொன்றில் மெய்யூசி போலியைவிட நன்றாக வேலை செய்தது. அது நல்ல செய்தி, ஆனால் 72 பேர் போதாது.

வெண்தாமரை, ஸ்காபரோ எழுதியது:

மாஸ்டர் சொல்வது நியாயம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். போலி ஊசியும் அந்த இடத்தை அழுத்தத்தான் செய்கிறது, அழுத்தமும் எங்கள் மருத்துவத்தில் ஒரு சிகிச்சைதான். ஆகவே மெய்க்கும் போலிக்கும் இடையிலான வேறுபாடு சிறிதாகத் தெரிந்தால் ஊசி வெறுமை என்று உடனே முடிவுகட்ட முடியாது. அதே காரணத்தால் பலனைப் பெரிதாக்கிப் பேசவும் எங்களுக்கு உரிமை இல்லை.

கைதடிச் சித்தம் எழுதியது:

நான் கைதடியில் சித்த மருத்துவம் படித்தவன். மல்லிகை அக்கா, சீனக் குளிசைக்குப் போகுமுன் வீட்டுப் பக்கமும் பாருங்கள். நித்திரைக்குச் சீனத்தில் மிகப் பெயர்பெற்ற கஷாயம் சுவான் சாவ் ரென் தாங். ஏறக்குறைய 1800 வருடங்களுக்கு முன் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் எழுதிய முறை, 5 சரக்குகள்தான். அதில் தலையானது ஒருவகை முள் இலந்தையின் விதைப்பருப்பு. நம்மூர் இலந்தை அதன் உறவுச்செடி, ஆனால் அதே செடி அல்ல. ஆகவே வளவில் நிற்கும் இலந்தைக்கொட்டையை உடைத்து அவிக்கவேண்டாம். அந்த ஐந்தில் அதிமதுரமும் ஒன்று, பாமசி அண்ணை சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

மனதை அமர்த்தும் என்று கொடுக்கும் சில பழைய சீன உருண்டைகளில் ஜூ ஷா சேர்ப்பார்கள். அது நாங்கள் சாதிலிங்கம் என்று சொல்லும் பாதரசச் சரக்கு. எங்கள் மருத்துவத்திலும் அதைச் சுத்தி செய்து, அளவு பார்த்து, பயின்றவர் கையால்தான் கொடுக்கவேண்டும் என்பது விதி. நீண்டநாள் நித்திரைக்கு என்று அதைத் தின்பது எந்த மருத்துவத்திலும் சரியில்லை. அரிஸ்டோலோகியாக் குடும்பம் பற்றிச் சொன்னார்கள், எங்கள் ஈசுரமூலியும் அந்தக் குடும்பம்தான். சீனம் மட்டும் ஆபத்து, நம்முடையது எல்லாம் பத்திரம் என்று நான் சொல்லமாட்டேன்.

அம்மாவுக்கு நான் சொல்வது இலகுவானது: இரவு உள்ளங்காலில் இளஞ்சூட்டு நல்லெண்ணெய் தேய்த்துவிடுங்கள். படுக்குமுன் எண்ணெயை வடிவாகத் துடைத்துவிடவேண்டும், வழுக்கக்கூடாது. நீங்களே தேய்த்தால் இன்னும் நல்லது, அந்தப் பத்து நிமிடம் அவரோடு கதைக்கலாம். சாதிக்காய்த் தூளைப் பாலில் போடுவதென்றால் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், அளவு கூடினால் அது நஞ்சு. குளோனாசெபாம் எடுக்கும்வரை அமுக்கிராவைச் சேர்க்கவேண்டாம், மயக்கம் கூடும்.

வடமராட்சி அம்மா எழுதியது:

வாசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு நித்திரை போனது இடம்பெயர்ந்த காலத்தில். இப்போதும் படலை அடிபட்டால் எழும்பி இருந்துவிடுவேன். மகன் திரும்பி வரவில்லை. நேரத்துக்குப் படு, தேத்தண்ணியை விடு என்பது எனக்குப் பொருந்துமா பிள்ளைகள்? ஊசி வைத்தால் இந்தப் பயம் போகுமா?

வெண்தாமரை, ஸ்காபரோ எழுதியது:

அம்மா, பயம் போகும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். காதில் 5 இடங்களில் ஊசி வைக்கும் முறை ஒன்று இருக்கிறது. 1970களில் நியூயோர்க்கின் லிங்கன் வைத்தியசாலையில் போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக வளர்ந்தது, பிறகு பேரிடர்களில் தப்பியவர்களுக்கும் செய்தார்கள். உடம்பு கொஞ்சம் தளரும், மூச்சு ஆறும். அந்த அளவுக்கு உதவலாம். உங்களுக்கு நித்திரை மட்டும் வருத்தம் இல்லை, உங்கள் உடம்பு இன்னும் காவல் இருக்கிறது. அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி ஆறவேண்டும்.

விஞ்ஞான மாஸ்டர் எழுதியது:

அம்மா, யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. போரில் இழந்தவர்களோடு நெடுங்காலம் வேலை செய்த பழக்கம் இங்குள்ள மனநல மருத்துவத்துக்கு இருக்கிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் இந்த மண்ணில் இருந்தே அதைப் பற்றி எழுதினார்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல உதவிச்சேவை பேசும். போக வாகனமோ துணையோ வேண்டுமென்றால் எனக்குத் தனிமடல் போடுங்கள், நான் வருகிறேன்.

கொக்குவில் மல்லிகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அடுத்த கிளினிக் நாளுக்கு எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய், சலக் குளிசையின் நேரத்தையும் குளோனாசெபாமைக் குறைக்கும் வழியையும் கேட்கப்போகிறேன். அது ஒழுங்கானபின் மூலிகை இல்லாமல் ஊசி மட்டும் செய்யும் இடமாகப் பார்க்க நினைக்கிறேன். வடமராட்சி அம்மா, நீங்களும் எனக்கு எழுதுங்கள், அம்மாவும் நீங்களும் போனில் கதைக்கலாம். இடத்தைத் தெரிவுசெய்யும்போது என்னவெல்லாம் பார்க்கவேண்டும்?

சுன்னாகம் பாமசி எழுதியது:

ஊசி உறை உங்கள் கண்முன்னே உடைபடவேண்டும், ஒருமுறைப் பாவனைக்கு மட்டும் என்று எழுதியிருக்கவேண்டும், காலாவதித் திகதி தெரியவேண்டும். எடுத்த ஊசி கூர்ப்பொருள் பெட்டிக்குள் போகவேண்டும். செய்பவர் எங்கே படித்தார், எந்தச் சபையில் பதிவு என்று தயங்காமல் கேளுங்கள். இலங்கையில் இந்தக் கலைக்குப் பழைய வேர் உண்டு, சேர் அன்ரன் ஜயசூரிய களுபோவில வைத்தியசாலையில் நடத்திய அக்குபஞ்சர் சிகிச்சை நிலையத்துக்கு வெளிநாட்டுக்காரர்களே வந்து படித்தார்கள். ஒழுங்காகப் படித்தவர் அந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார். வோபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுப்பவர்கள் அதை முதலே சொல்லவேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஊசியில் மின்சாரம் கொடுக்கும் முறை கூடாது. நெஞ்சிலும் தோள்மூட்டுக்கு மேலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழலாம். நித்திரைக்கு அந்த இடங்கள் தேவையே இல்லை.

திருநெல்வேலிப் பிள்ளை எழுதியது:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கவும். நான் 5 மாதக் கர்ப்பிணி, எனக்கும் நித்திரை இல்லை. இங்கே சொன்ன இடங்களை நானே விரலால் அழுத்தலாமா?

வெண்தாமரை, ஸ்காபரோ எழுதியது:

தங்கச்சி, கணுக்காலுக்கு மேலே உள்ள சான்யின்ஜியாவைத் தொடவேண்டாம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உள்ள ஹெகுவும் வேண்டாம். கர்ப்பத்தில் இரண்டையும் விலக்குவது எங்கள் மரபு. மணிக்கட்டில் ஷென்மென்னை மெதுவாக, ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம்போல், மூச்சை நீளமாக விட்டபடி அழுத்துங்கள். புருவ நடுவையும் அப்படியே தடவலாம். மூலிகை எதுவும் வேண்டாம். இடப்பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்துப் படுங்கள். இரவில் கால் ஊர்வதுபோல், அசைக்காமல் இருக்க முடியாததுபோல் இருந்தால் உங்கள் குடும்பநல மாதுவிடம் சொல்லி இரத்தத்தில் இரும்பின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்கு நித்திரை கெட அது அடிக்கடி காரணமாகும்.